அவிழ்ந்த சங்கிலியை மடித்துக் காட்டிய ஆசானுக்கு

அன்பும் அறிவும் அழகுறக் கலந்த ஆசானே! புக்கிட் பாருவிலிருந்து மழையென்றும் வெயிலென்றும் பாராமல் மிதிவண்டி மிதித்து, முதல் மணிக்கு முன்பே வந்து நிற்கும் முதலாமவரே! காஜா பெராங் வட்டாரம் கண்ட கருத்துச் செல்வரே! அறிவியல் ஆசிரியர் உயர்திரு இராஜரத்தினம் ஐயா அவர்களே! வணக்கமும் வாழ்த்தும் உரித்தாகுக.

இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி, 1962 நிறைவுறும் இவ்வேளையில் விடைபெறுகிறீர்கள். தங்கள் குணங்களைப் பட்டியலிட்டால், இடைவேளை தோறும் அரைவேக்காட்டு முட்டைக்காகக் காப்பிக்கடைக்கு ஓடுவதையும் சேர்க்க வேண்டிவரும். வெள்ளைக்கரு வெந்தால், உள்ளே ஒழுங்காக மடிந்திருந்த புரதச் சங்கிலிகள் அவிழ்ந்து, ஒன்றோடொன்று சிக்கிக் கெட்டியாகின்றன என்று அங்கேயே விளக்குவீர்கள். விளக்கம் முடிந்ததும் சான்றைச் சாப்பிட்டுவிடுவீர்கள். ஆகவே பட்டியலை விட்டு, ஒரே ஒரு நாளைச் சொல்கிறோம்.

நம் பள்ளிக்கு உயர்நிலை அறிவியல் வகுப்பு தருவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய, ஜூலைக் கண்காட்சிக்குக் கல்வி அதிகாரி வருவதாக இருந்தது. அவருக்குக் காட்ட, இரத்தத்தில் மூச்சுக்காற்றைச் சுமக்கும் புரதத்தின் உருவத்தைச் செய்தீர்கள். மலாய் பேசும் செட்டிகள் வாழும் கம்போங் செட்டியில், மணி கோத்த காலணி தைக்கும் பூங்காவனம் அம்மையார், "இந்த மாலை எந்தப் பெண்ணுக்கு?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தபடியே இருபது நிறத்தில் மணிகள் தந்தார். ஓர் அமினோ அமிலத்துக்கு ஒரு மணியாக, ஐந்நூற்று எழுபத்து நான்கு மணிகளை நான்கு கம்பிகளில் வரிசை தவறாமல் கோக்கவே மூன்று வாரம்! பிறகு கம்பியைச் சுருளாக்கி, சுருளை மடித்து, மடித்த நான்கையும் ஒன்றாகச் சேர்த்தீர்கள்.

முந்தின மாலை கூடத்தை ஒழுங்குபடுத்திய ஒருவன், ரப்பர்க் குழாய்களை நீட்டி மாட்டிப் பழகிய கையோடு, அதையும் சிக்கென்று நினைத்துப் பொறுமையாகப் பிரித்து, நான்கு ஆணிகளில் நேராக மாட்டிவிட்டான். காலையில் கண்டவர்களுக்குக் கை கால் ஓடவில்லை. தாங்களோ மணிகளை விரலால் ஓட்டிப் பார்த்தீர்கள். "ஒரு மணியும் உதிரலயே? அப்புறம் என்ன கவலை லா! மடிப்பெல்லாம் இந்த வரிசைக்குள்ளயே இருக்கு" என்றீர்கள்.

அதிகாரியின் கண்முன்னே மாணவர்கள் பென்சிலில் சுற்றிச் சுருளாக்கினார்கள். தண்ணீரை வெறுக்கும் மணிகள் உள்ளே ஒளியும்படி தாங்கள் மடித்தீர்கள். நான்காம் சங்கிலியை அதிகாரியே வாங்கி மடித்தார்! நான்கும் சேர்ந்ததும், "மூச்சுக்காத்த சுமக்கிற வண்டி தயார்" என்றீர்கள், கூடமே கைதட்டியது. முன்பே மடித்து முடித்த உருவமாயிருந்தால் அதிகாரி தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். வகுப்பு கிடைத்தது, ஜனவரியில் தொடங்குகிறது.

யார் பிரித்தது என்று தலைமையாசிரியர் கேட்டபோது, "நான்தான் சார், மடிக்கிறதக் காட்டணும்னு" என்றீர்கள். ஐயா, தாங்கள் சொல்லி நானறிந்த ஒரே பொய் அது. பிரித்த கை, இம்மடலைப் பிடித்து வாசிக்கும் இந்தக் கைதான். என் வேலையைக் காப்பாற்றினீர்கள். ஐந்து மாதமாக இதைச் சொல்ல வாய் வரவில்லை. இன்று எல்லார் முன்னிலும் சொல்லிவிட்டேன்.

ஜாலான் துக்காங் எமாஸில் வீற்றிருக்கும் பொய்யாத விநாயகர் அந்த ஒரு பொய்யை மன்னித்து, நோயற்ற நெடுவாழ்வும், நாள்தோறும் இரண்டு முட்டையும் தங்களுக்கு அருள்வாராக!

அன்று நீட்டி ஆணியில் மாட்டினேன், மடித்தீர்கள். இம்மடலையும் நீட்டி, சட்டமிட்டு, ஆணியோடு தருகிறேன். இதை மட்டும் மடிக்காதீர்கள் ஐயா!

சக பணியாளர்கள் அனைவர் சார்பிலும்,
தியாகு
ஆய்வுக்கூடப் பணியாளர்