பேனரில் என் பெயரை மட்டும் வெட்டியது பற்றி

ஆடி கடைசி வெள்ளிக்கிழமை காலை ஒரகடம் சாலையில் பேனர் கட்டியிருந்த இடத்தில் இருந்தவர்கள்: நான்; என்னை ஆட்டோவில் கூட்டிப்போன பக்கத்து வீட்டு அன்பு; நான் நடிக்கும் டிவி தொடரின் தயாரிப்பு மேலாளர் ஸ்ரீதர்; கலைப் பிரிவு உதவியாளர் மகாராஜா; தொடரில் எனக்குச் சம்பந்தியாக நடிக்கும் பெருந்தேவி; கடைசியில் வந்து சேர்ந்த என் பேத்தி பிரவீனா. இவர்கள் பெயரை முதலில் எழுதச் சொன்னது நான்தான். நாளைக்கு ஒருவரும் தான் அங்கே இல்லை என்று சொல்லக்கூடாது.

என் பெயர் சந்திரம்மாள். வயது அட்டையில் உள்ளபடி அறுபத்தொன்பது. காலஞ்சென்ற முனிரத்தினத்தின் மனைவி. பிள்ளைப்பாக்கத்தில் பேத்தியுடன் வசித்து வருகிறேன். தொழில் என்ற இடத்தில் வீட்டு வேலை என்று எழுதப் போனார்கள், நடிகை என்று எழுதச் சொன்னேன். மூன்றாம் வகுப்பு வரை படித்தேன், எழுத்துக் கூட்டி வாசிப்பேன். நான் பேனரைக் கிழித்துப் படப்பிடிப்பை நிறுத்திவிட்டதாக ஸ்ரீதர் கொடுத்த புகாரை ஸ்டேஷனில் எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதற்கு நான் சொல்வதாவது.

தாவணி போட்ட வருஷத்திலிருந்து நடித்து வருகிறேன். காஞ்சிபுரத்தைச் சுற்றிய ஊர்களில் திருவிழா நாடகம் போடுகிறவர்கள் ஆண் வேஷத்தை ஊர்க்காரர்களே கட்டிக்கொண்டு, கதாநாயகிக்கு மட்டும் வெளியிலிருந்து ஆள் கூப்பிடுவார்கள், அப்படிப் போனேன். அதன் பிறகு சினிமாவில் கூட்டத்தில் நின்றேன். ஒரு டைரக்டர் என் முகத்தைப் பார்த்து, "வேலைக்காரி மூஞ்சி, ஓரமா நிக்கச் சொல்லு" என்றார். அவர் செத்தபோது எல்லாரும் வேன் பிடித்துப் போனார்கள், நான் போகவில்லை. அதன் பிறகு வேலைக்காரி, அதன் பிறகு என்னைவிட மூத்த கதாநாயகனுக்கு அம்மா, அதன் பிறகு டிவி தொடர்களில் பாட்டி. படம் தொடங்கும்போது என் பெயர் தனியாகத் திரையில் வந்தது கிடையாது.

பெருந்தேவி கூட்டத்தில் நின்ற காலத்திலிருந்து என்னுடன் இருப்பவள். பிணமாக நடித்தவர் ஷாட் முடிந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் எடுப்பார்கள், அப்படிச் செய்தால்தான் ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்பது எங்கள் தொழிலில் வழக்கம். நான் செத்துப் படுத்த போதெல்லாம் கேமராவுக்குப் பின்னால் நின்று கோணல் மூஞ்சி காட்டி என்னைச் சிரிக்க வைத்தவள் அவள்.

இந்த வருஷம் சித்திரையில் வினோதினி என்கிற உதவி இயக்குநர் வந்து, ஒரு சினிமாவுக்கு என்னைப் பேசச் சொல்லிப் பார்த்தார். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலைக்குச் சேருகிற கிழவியின் கதை. முதலிலிருந்து கடைசி வரை அந்தக் கிழவிதான். அதன் பிறகு அந்தக் கிழவி நீங்கள்தான் என்று சொன்னார், ஆவணியில் படப்பிடிப்பு, அதற்கு முன் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவோம் என்றார். எனக்குப் போன் கிடையாது என்பதால் பிரவீனாவின் நம்பரையும், அவள் எடுக்காவிட்டால் கூப்பிடுவதற்குப் பெருந்தேவியின் நம்பரையும் கொடுத்தேன். கொடுத்தது நான்தான்.

ஆடியில் தொடரில் என் பாத்திரம் ராஜேஸ்வரி பாட்டி சாவதாகக் கதையை மாற்றினார்கள். சாகிற காட்சி கிடையாது, கண்ணீர் அஞ்சலி பேனரும் அதன் முன் சம்பந்தி அழுவதும் மட்டும் என்றார்கள். பேனருக்குக் கீழே நின்று ஒரு தடவை சிரித்துவிட்டுப் போகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஸ்ரீதரிடம் கேட்டேன். "போட்டோவுக்கு எதுக்கும்மா சிரிப்பு? டைம் இல்ல" என்றார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வியாழன் மதியம் பேனரைக் கட்டியிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது. வெள்ளி காலையில் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அன்பு கையில் ரோஜா மாலையுடன் வந்து நின்றான்.

"ஆயா, நீ கீறியா?"

"கீறேன். இன்னாடா மாலையும் கையுமா?"

"ரோட்ல பேனர் வச்சிகீறாங்க ஆயா. ஷிப்ட் பஸ்ல போன பசங்கள்லாம் பார்த்துட்டு அழுவுறானுங்க."

"அழட்டும். மாலைய அந்தத் தண்ணியில போட்டு வை, வாடிடும். வண்டிய எடு."

போய்ப் பார்த்தால், மூடிக்கிடக்கும் கம்பெனி ஷெட்டை வாடகைக்கு எடுத்து எங்கள் படப்பிடிப்பு நடக்கிறதே, அதன் வாசலில் சாலையைப் பார்த்தபடி பேனர் இருந்தது. ராஜேஸ்வரி பாட்டி வேடத்தில் என் படம். கீழே எழுத்துக் கூட்டி வாசித்தேன். திருமதி சந்திரம்மாள் என்று இருந்தது.

மகாராஜா திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ஓடி வந்து, "ஆச்சி, தப்பு எம்மேலதான். கடைக்காரன் பாட்டி பேரு என்னன்னு போன்ல கேட்டான், வாயில உங்க பேருதான் வந்துச்சு. வேற அடிக்கச் சொல்லிருக்கேன், வந்துக்கிட்டு இருக்கு" என்று அழுதான். வரும் வரைக்கும் இதை இறக்கு என்று ஸ்ரீதரிடம் சொன்னேன். "இங்க யாரும்மா உன் பேர படிக்கப் போறா?" என்றார்.

அதன் பிறகு நான் மகாராஜாவின் பையிலிருந்த கட்டரை எடுத்து, அன்பு பிடித்த ஸ்டூலில் ஏறி, பெயர் இருந்த பட்டையை மட்டும் வெட்டி எடுத்தேன். படத்தைத் தொடவில்லை. படம் ராஜேஸ்வரியுடையது, அவள் செத்தது கதைப்படி சரி. பெயர் என்னுடையது. கட்டரை மடக்கித்தான் திருப்பிக் கொடுத்தேன், யார் பக்கமும் நீட்டவில்லை. அந்த நேரம் புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு போன நீள லாரி ஒன்று வேகமாகக் கடந்தது, அதன் காற்று வெட்டிய ஓட்டையில் புகுந்து பேனரை மேல் வரை கிழித்தது. கிழித்தது காற்று.

அதன் பிறகு பிரவீனா வந்தாள். அவள் கம்பெனியில் லைனுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், லாக்கரில் வைத்துவிட வேண்டும். வியாழன் மதியம் போனவள் இரண்டாம் ஷிப்ட் முடித்து, ஓவர்டைமும் பார்த்து அப்போதுதான் வெளியே வந்திருந்தாள். போனில் வினோதினி விடாமல் கூப்பிட்டிருந்தது தெரிந்தது. நடுரோட்டிலேயே திருப்பிக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள்.

நான் சந்திரம்மா பேசுகிறேன் என்றதும் அந்தப் பெண் யார், யார் என்று இரண்டு தடவை கேட்டார். அதன் பிறகு, "அம்மா, பேனர் போட்டோ நேத்து எல்லா குரூப்லயும் வந்துச்சு. உங்க நம்பர யாரும் எடுக்கல. பெருந்தேவி அம்மாகிட்ட உண்மையான்னு கேட்டேன். ஆமான்னாங்க. சாயங்காலம் அவங்களே ஆபீஸ் வந்து அந்த ரோலுக்கு கையெழுத்துப் போட்டுட்டுப் போனாங்கம்மா" என்றார். பெருந்தேவியே விலகினால் பார்க்கலாம், இல்லாவிட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார்.

பெருந்தேவி பக்கத்தில்தான் நின்றாள். வியாழன் காலையில் என் வீட்டில் இட்லி தின்றுவிட்டுப் போனவள். "நீ செத்துட்டன்னு நான் சொல்லவே இல்லக்கா. ஆமா, நானும் பேனர் பார்த்தேன்னுதான் சொன்னேன்" என்றாள்.

"போன் பண்ணி வேணான்னு சொல்லு, தேவி" என்றேன். நான் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

"எனக்கும் இதான்க்கா மொத தடவ. எப்டிக்கா வுட்றது?" என்று சொல்லிவிட்டு மேக்கப் போட உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் ராஜேஸ்வரி என்று பெயர் போட்ட புதுப் பேனர் வந்தது, கட்டினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே காட்சியை எடுத்து முடித்தார்கள். ஆகவே படப்பிடிப்பு நின்றது என்று ஸ்ரீதர் சொல்வது பொய். நான் கேமராவுக்குப் பின்னால் நின்று முழுவதும் பார்த்தேன். பெருந்தேவி கிளிசரின் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் படத்தைப் பார்த்து அழுதாள். ஒரே டேக்கில் முடிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நன்றாகத்தான் அழுதாள், அதை நான் மறைக்கவில்லை.

இதில் உள்ளது முழுவதும் என் கண் பார்த்தது, காது கேட்டது. எழுதியதை வாசிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டல் குறைத்தல் இல்லை. யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ சொல்லவில்லை. கீழே என் பெயரை நானே எழுதுகிறேன். அதற்கு முன் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மகாராஜா மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவனை வேலையை விட்டு நிறுத்தக்கூடாது. ஸ்ரீதர் பொய்ப் புகார் கொடுத்ததை மறக்க மாட்டேன், ஆனால் வந்து மன்னிப்புக் கேட்டால் காபி கொடுத்து அனுப்புவேன். வாசலுக்கு வந்து காலில் விழுந்தாலும் நான் மன்னிக்காத ஆள் ஒருத்திதான், காஞ்சிபுரம் ரங்கநாதன் மகள் பெருந்தேவி.