சிவப்புத் தடிக்கு அப்பால் விழுந்த புறா

புறாப் பிடிப்பதற்குப் பெரிய கெட்டித்தனம் தேவையில்லை, ஐயா. அறுவடை முடிந்து வீதியோரம் படங்கு விரித்து நெல்லைக் காயவிட்டால் அவை தாமாகவே வரும். பழைய மீன்வலையின் ஒரு பக்கத்தைத் தடியில் தூக்கிவைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் அசையாமல் இருந்தால் போதும். எனக்கு அது வரும். கண்ணிவெடி அகற்றும் வேலையில் ஒன்பது வருடம் முழங்காலில் நின்று பழகியவன்.

ஆஸ்பத்திரியில் வைத்து நான் சொல்ல நீங்கள் எழுதிய வாக்குமூலத்தில் பொய் அதிகம் இல்லை. புறா பறந்தது, நாய் துரத்தியது, அனோஜன் பின்னால் ஓடினான், வெடித்தது. விடுபட்டதைச் சொல்லத்தான் இன்று நானாக வந்திருக்கிறேன்.

பிடிக்கிற புறாக்களில் கொழுத்தவை கறிக்கு. ஒன்றிரண்டை வீமனுக்காக உயிரோடு வைத்திருப்பேன். வீமன் என் நாய். என் மனைவி சிவதர்சினி நெளுக்குளத்தில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போன மாதம் குட்டியாகக் கொண்டுவந்தேன். அவளோடு எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. காரணம் இல்லாமல் ஒருநாளும் அவள்மேல் கை வைத்தவன் அல்ல நான்.

முயலுக்கு நாயைப் பழக்குவதென்றால் முதலில் புறாவில் தொடங்க வேண்டும். சிறகின் பெரிய இறகுகளை நூலால் சேர்த்துக் கட்டிவிட்டால் புறா கொஞ்சத் தூரம் பறந்து விழும். நாய் அதைத் தேடிப்போய், பல்லுப் படாமல் கவ்விவந்து கையில் தர வேண்டும். கடித்தால் அடி. நாலு மாதத்தில் வீமன் படித்துவிட்டது.

அனோஜன் எனக்கு அடுத்த காணிக்காரன். உழவு இயந்திரம் ஓட்டுகிறவன், என்னைவிடப் பத்து வயது இளையவன். அவனுக்கு நாய் பழக்கத் தெரியாது. வேலை முடிந்து வந்து வேலியோரம் குந்தியிருந்து வீமனின் காதில் உண்ணி பிடுங்குவான். அவனுடைய மனைவி நிரோஜா மீன்தலை போடுவாள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. ஒருநாள் நான் என் வீட்டு வாசல் படலையில் நின்று விசிலடித்தேன். அவன் காலடியில் படுத்திருந்த வீமன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. பிறகு தலையைத் திரும்பவும் அவனுடைய பாதத்தில் வைத்துக்கொண்டது.

அந்தப் பார்வையை நான் முன்பும் கண்டிருக்கிறேன். கிளிநொச்சி பஸ் நிலையத்தில், யன்னலோரம் இருந்து சிவதர்சினி அப்படித்தான் பார்த்தாள். கோபம் இல்லாமல்.

வீமனைக் கட்டிப்போட்டேன். பட்டினி போட்டேன். அவிழ்த்துவிட்டதும் அங்கேதான் ஓடியது. பிறகு மாசி மாதத்தில் ஒரு பின்னேரம், அறுத்த வயலில் புறா விட்டுப் பழக்கிக்கொண்டிருந்தேன். வரம்பில் அனோஜன் நின்றான். வீமன் புறாவைக் கவ்விக்கொண்டு வந்தது. நீட்டிய என் கையைக் கடந்து போய் அதை அவனிடம் கொடுத்தது.

"இந்தாங்கோ அண்ணை," என்று அவன் புறாவை என்னிடம் நீட்டினான். "உங்கட நாய்தானே. எனக்குச் சும்மா விளையாட்டுக் காட்டுது."

புறாவில் ஓர் இறகுகூடக் கலைந்திருக்கவில்லை. என்னிடம் கொண்டுவரும்போது எங்காவது ஒரு சொட்டு இரத்தம் இருக்கும். அடிக்குப் பயந்து இறுக்கிக் கவ்வும். இதை நான் கவனித்தேன். என் நாயை அவன் எனக்குத் தருகிறான் என்பதையும் கவனித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அனோஜனை நானே கூப்பிட்டேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வடலிக் காணிக்குப் போனோம். அங்கே பாதி நிலம்தான் கண்ணிவெடி எடுத்துத் துப்பரவாகியிருந்தது. மழைக்காலத்தில் வேலை நின்றது, தண்ணீர் வற்றினால்தான் மிச்சம். எல்லையில் சிவப்புத் தடிகள் நின்றன. வழமையாக வீமனின் கழுத்துக் கயிற்றைக் கழற்றிவிட்டுத்தான் ஓடவிடுவேன். அன்று கழற்றவில்லை. தடிகளுக்கு அப்பால் இருந்த பற்றைக்குள் பழைய முட்கம்பிச் சுருள் கிடப்பது எனக்குத் தெரியும்.

புறாவைத் தடிகளுக்கு மேலாக எறிந்தேன். அது சிறகடித்து அப்பால் விழுந்தது. நாய் மிதித்தாலும் வெடிக்கும். வெடிக்கவில்லை. கயிறு கம்பியில் சிக்கி, வீமன் கத்தத் தொடங்கியது.

அனோஜன் ஓடினான் என்று உங்களிடம் சொன்னேன். அதுதான் பொய். அவன் ஓடவில்லை. அவனும் இந்த மண்ணில் பிறந்தவன். மண்டையோட்டுப் பலகை போட்ட இடத்துக்குள் இங்கே யாரும் ஓடமாட்டார்கள். தடிக்கு இந்தப் பக்கம் நின்று திரும்பி என்னைப் பார்த்தான்.

"அண்ணை, நீங்கள் வேலை செய்த இடமெல்லே. போகலாமோ?"

"ஓம், போ. அது பாத்து முடிச்ச துண்டு. தடியைப் பிடுங்காமல் விட்டிட்டாங்கள்."

"வடிவாத் தெரியுமோ?"

"தெரியும்."

ஆறு அடி வைத்தான்.

அவன் வைத்த அடிகளிலேயே கால் வைத்துப் போய் அவனைத் தூக்கிவந்தது நான்தான். ஊர் என்னைத் துணிந்தவன் என்றது. வீமன் கயிற்றை அறுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னமே வீதிக்கு வந்துவிட்டது. அனோஜனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

"புறா சூப் குடிச்சா இரத்தம் ஊறுமாம் அண்ணை, கிடைக்குமோ?" என்று நிரோஜா கேட்டாள். நாளுக்கு இரண்டு பிடித்துக்கொடுத்தேன். எட்டாம் நாள் நானே சூப்பை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பக்கத்துக் கட்டில்காரர் வெளியே போகும்வரை பார்த்திருந்து, அனோஜன் என் கையைப் பிடித்தான்.

"பயப்படாதேங்கோ அண்ணை. நானாத்தான் ஓடினனான் எண்டு பொலிசுக்குச் சொல்லிப்போட்டன். நீங்கள் துண்டை மாறிச் சொல்லிப்போட்டியள், ஆருக்கும் மறதி வரும். வெளியில தெரிஞ்சா உங்கட வேலை போயிடும்."

இப்போது அவன் வீட்டுக்கு வந்துவிட்டான். வீமன் அவனுடைய கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. நான் போனால் நிரோஜா கதிரை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி தருகிறாள். ஒரு மாதமாக அதைக் குடித்தேன், ஐயா. இனி முடியாது.

மறதி இல்லை என்று எழுதுங்கள். அந்தச் சிவப்புத் தடியை என் கையால் ஊன்றினேன். அதற்கு அப்பால் மூன்று இடத்தில் கருவி கத்தியதை என் காதால் கேட்டேன். நாய்க்காக அவன் போவான் என்று தெரிந்துதான் போகச் சொன்னேன். என் மனச்சாட்சி உறுத்தியதால் நானாக வந்து சொன்னேன் என்றும் போடுங்கள், அது உண்மைதான். கையெழுத்து வைக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை அவனுக்கு வாசித்துக் காட்டும்போது என்னையும் கூட்டிப்போங்கள். அவனுடைய முகம் மாறுவதை நான் பார்க்க வேண்டும்.