ஆறாவது கைமிஷின்

— இந்தாம்மா ஆரோக்கியமேரி, மொதல்ல அந்தக் கூடையக் கீழ எறக்கு. கடை பூரா மீன் வாடை அடிக்கு. மீன் கூடைக்குள்ளயா மிஷின வச்சுக் கொண்டாருவாக?

— பின்ன பல்லக்குலயா வச்சு தூக்கினு வருவாங்க? பட்டினப்பாக்கத்துலேர்ந்து கச்சேரி ரோடு வரைக்கும் நடந்தே வரேன் அண்ணாச்சி. கூடையப் பாத்தாலே கண்டக்டரு விசிலு ஊதிட்றான். வாடை வந்தா ஊதுவத்தி கொளுத்திக்கோ. எனக்கு ஊசி குடு, போய்க்கினே இருக்கேன்.

— ஊசி கெடக்கட்டும். தையல் விட்டு விட்டு விழுதுன்னுதான சொன்ன?

— அக்காங். பத்துல நாலு தையல் பிடிக்கல.

— அப்ப ஷட்டில்தான். நீட்டமா, படகு கணக்கா அடியில ஓடுதுல்லா, அதோட மூக்கு தேஞ்சு போச்சு. நூலப் பிடிக்காது. சொல்லுதேன் கேளு, இது சண்டைக்கு முந்தி ஜெர்மன்காரன் செஞ்ச மிஷின். அந்தக் கம்பெனியே இப்ப இல்ல. ஷட்டிலுக்கு எங்கன போவ?

— அடையாறு டாக்டரம்மாகிட்டயும் இதையேதான் சொன்னியாமே.

— எந்த டாக்டரம்மா?

— ஜெயபாரதி டாக்டரு. புதன்கெழம ஆனா எங்கிட்டதான் வஞ்சிரம் வாங்குவாங்க. அவங்க மிஷின எட்த்துகினு ஒரு இஸ்திரிப் பெட்டி குட்த்தியாம். ராயப்பேட்டை அன்வரி பேகத்துக்கும் இஸ்திரிப் பெட்டி. நான் மீனு போட்ற வூட்லல்லாம் உன் இஸ்திரிப் பெட்டிதான் கீது. இந்தக் கரண்டு கட்டுல அத வச்சுகினு இன்னா பண்றது? கதவுக்கு முட்டு குட்த்து வச்சிருக்காங்க.

— நான் யாரையும் ஏமாத்தலம்மா. ஓடாத மிஷின வாங்கிட்டு சூடாவுற பெட்டியக் குடுத்தேன். உனக்கும் ஒண்ணு தாரேன். கரிப் பெட்டி வேணும்னா கரிப் பெட்டி. இத இங்கனயே விட்டுட்டுப் போ.

— ஓடாத மிஷினு உனக்கு மட்டும் இன்னாத்துக்கு?

— அது யாவாரம்.

— அதான், இன்னா யாவாரம்?

— விட மாட்ட போலுக்க. சரி, உங்கிட்ட மறைக்க என்ன இருக்கு? சாந்தோம் பக்கத்துல கன்னியாஸ்திரிமாரு குப்பத்துப் பொம்பளப் பிள்ளைகளுக்குத் தையல் வகுப்பு ஆரம்பிக்காக. தரையில உக்காந்து தைக்கத் தோதா ஆறு கைமிஷின் வேணும்னாக. வார திங்கக்கெழமைக்குள்ள தாரேன்னு வாக்கு குடுத்துட்டேன். அஞ்சு மிஷின் மாடியில கெடக்கு. உன்னோடது ஆறாவது.

— மாடியில கீறது அஞ்சும் ஓடுதா?

— ஓடும். ஷட்டிலுக்கு பம்பாய்க்கு எழுதிப் போட்டிருக்கேம்லா.

— வந்துச்சா?

— இல்லன்னு நேத்துதான் கடுதாசி வந்துது. திங்கக்கெழமை குடுக்காட்டி, அந்தம்மாமாரு மவுண்ட் ரோட்டுல போய் புது மிஷின் வாங்கிருவாக. இருவது வருசமா இந்தத் தெருவுல கடை வச்சிருக்கேன். தனபாலன் சொன்னா சொன்ன நாளைக்குக் குடுப்பான்னு ஒரு பேரு இருக்கு. அது போயிரும்.

— செரி, கலங்காதே. அந்த அஞ்சு மிஷினோட பழைய ஷட்டில இன்னா பண்ணே?

— தேஞ்சத வச்சு என்ன செய்ய? அவுக அவுக வீட்டுலயே கழத்திப் போட்டுட்டு வந்துட்டேன். குப்பைக்குப் போயிருக்கும்.

— அந்த ஊசி டப்பாவ இப்டி தள்ளு.

— ஏம்மா, ஊசிய மாத்தி ஒண்ணும் ஆவாது. எத்தன மட்டம் சொல்லுதேன்!

— தோ பாரு. மிஷின்ல ஊசிய எப்டி மாட்டுவே நீ?

— இது ஒரு கேள்வியா? முட்ட மேல ஏத்தி திருகாணிய இறுக்கணும். நேத்து தைக்கப் பழகுன பிள்ளகூடச் சொல்லும்.

— எல்லா மிஷினுக்குமா?

— எல்லா மிஷினுக்கும்தான்.

— அங்கதான் கோட்டை வுட்டுட்டே. இந்தா, இது இந்த மிஷினோட வந்த ஊசி. முனை மழுங்கிப் போச்சுன்னு முந்தானைல முடிஞ்சு வச்சிருந்தேன். பக்கத்துல உன் டப்பா ஊசிய வச்சுப் பாரு. இன்னா தெரியுது?

— உன் ஊசி நீட்டம் கூட இருக்கு. ஒரு அரிசி அளவு இருக்கும்.

— அக்காங். இப்ப வர்ற ஊசி குட்டை. அத முட்ட ஏத்தினா, கீழ எட்டாது. ஷட்டிலு வந்து பாக்கும், நூலு இருக்காது, சொம்மா தாண்டிப் பூடும். தோ, அரிசி அளவு கீழ எறக்கி இறுக்கிட்டேன். ஒரு துண்டுத் துணி வையி. கைப்பிடிய நீயே சுத்து.

— சுத்துதேன், சுத்துதேன். நூல் அந்து விழும் பாரு.

— வாயால தைக்காதே, கையால சுத்து.

— ஏ ஆத்தாடி! ஒண்ணுகூட விடாம விழுதே! திருப்பிப் பாக்கேன்... அடியிலயும் மணி மணியா விழுந்திருக்கு! அப்ப ஷட்டில் தேயவே இல்லியா?

— ஒரு ஷட்டிலும் தேயல.

— அட பாவி மனுசா! நல்ல ஷட்டில் அஞ்சையும் நானே கழத்திப் போட்டேனே. இந்தத் தெருவுல எத்தன பேருகிட்ட முட்ட ஏத்து, முட்ட ஏத்துன்னு சொல்லியிருப்பேன்! வெக்கமா இருக்கும்மா.

— வெக்கப்படறத அப்பால வச்சுக்கோ. கூடைல அடியில ஒரு பிஸ்கோத்து டின்னு கீது பாரு, அத எட்த்து தொற.

— மிஷின் எண்ணெயில்லா நிக்கி. உள்ள என்னமோ... ஷட்டில்! ஒண்ணு, ரெண்டு, மூணு... அஞ்சும் கெடக்கே! எங்கன பிடிச்ச?

— மீன் போட்ற வூட்லதான். மிஷினே போச்சு, இது எதுக்கு எங்களுக்குன்னு எட்த்துக் குட்த்தாங்க. ராயப்பேட்டைல பேகம் வூட்டு புள்ள வாளித் தண்ணில படகு வுட்டுகினு இருந்துச்சு, நாலு நெத்திலி கூடப் போட்டு வாங்கினு வந்தேன். துரு புடிக்கக் கூடாதேன்னு எண்ணெல ஊறப் போட்டேன்.

— எனக்காவா இம்புட்டு அலைஞ்ச?

— உனக்காவ யாரு அலைஞ்சா? அந்த மிஷினுங்கள்ல தைக்கப் போறது எங்க குப்பத்துப் பொண்ணுங்க. எம் பொண்ணும் அதுல ஒருத்தி. என்ன மாரி அதுவும் கூடை தூக்கினு அலையணுமா? அது வாணாம். எம் மிஷினையும் இங்கயே வுட்டுட்டுப் போறேன், ஆறு ஆச்சு.

— நீ நல்லா இருப்ப தாயி. என் மானத்தக் காப்பாத்திட்ட. என்ன வேணும்னாலும் கேளு. ரெண்டு இஸ்திரிப் பெட்டி...

— இன்னொரு தபா இஸ்திரிப் பெட்டின்னே, அதாலயே சாத்துவேன்.

— சரி, சரி, வேண்டாம். இத வேணா செய்யேன். அந்த வகுப்புல சொல்லிக்குடுக்க தையல் தெரிஞ்ச டீச்சர் வேணும்னு பேசிக்கிட்டாக. பெரிய சிஸ்டர எனக்கு நல்லாத் தெரியும். உனக்காவ ஒரு வார்த்த சொல்லுதேன். என் பேச்சுக்கு அங்கன மரியாத உண்டு.

— டீச்சரு வேலையா? அது எனக்குக் கெட்ச்சு ஒரு மாசம் ஆவுது அண்ணாச்சி. உன்ன நம்பி மிஷினு வாங்கலாமா, வாணாமான்னு நேர்ல பாத்துகினு வரச் சொல்லி பெரிய சிஸ்டரு என்னத்தான் அனுப்பிச்சாங்க.