பெயர் கேட்கும் பாறைகள்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? நெருப்புப் பக்கம் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சொல்கிறேன்.

இது எனக்கு நடந்ததில்லை. என்னோடு ஜீப் ஓட்டுகிற பிஸ்காவின் அக்கா புருஷன் அமஸ்தானுக்கு நடந்தது.

அக்டோபர் மாதம். பகல் பத்தரை மணி. ஜானெட் ஊரிலிருந்து தெற்கே பாலைவனத்துக்குள் போகும் பாதை. தார் ரோடு முடிந்து நாற்பது கிலோமீட்டர்... சுற்றிலும் மணல், கருங்கல், வெயில். வேறு வண்டி இல்லை. பழைய தடம்கூட இல்லை. ஜீப்பை ஓட்டியவன் அமஸ்தான். பக்கத்தில் அவனுடைய மாமன் மகன் இந்தல்லா.

மாமன் மகனும் அத்தை மகனும் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. எல்லாம் வசவுதான்.

“மெதுவா ஓட்டுடா, சொறி ஒட்டகமே. குடல் வாய்க்கு வருது.”

“வந்தா அப்படியே முழுங்கிக்க. உன் பொண்டாட்டி சுடற ரொட்டிக்கு அது எவ்வளவோ தேவலை.”

அமஸ்தானுக்கு வர மனமே இல்லை. வீட்டில் பெண் குழந்தை பிறந்து ஐந்தே நாள். ஏழாம் நாள் பெயர் வைக்க வேண்டும். ஆனால் அடுத்த வாரம் வெளிநாட்டுக் கூட்டம் ஒன்று வருகிறது. பாறைகளுக்குப் பின்னால் சுனையில் தண்ணீர் இருக்கிறதா, கூடாரம் எங்கே போடலாம் என்று பார்த்து வரவேண்டும். இந்தல்லாதான் வழிகாட்டி. “நீ வந்தாதான் போவேன்” என்று ஒரே பிடிவாதம். சரி, ஒரு பகல்தானே?

அந்த ஐந்து பாறைகளை நீங்களும் தூரத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். எதையோ ஒட்டுக்கேட்கிற ஆட்கள் மாதிரி தலை சாய்த்து நிற்கும். அங்கே செருப்பைக் கழற்றுவோம். ஒரு கைப்பிடி பேரீச்சம்பழம் வைப்போம். யார் பெயரையும் மட்டும் சொல்லமாட்டோம். ஒரு பெயரை அந்தப் பாறைகள் கேட்டுவிட்டால் போதும். உச்சிப்பொழுதில், சொன்னவர் குரலிலேயே அந்தப் பெயரைத் திருப்பிக் கூப்பிடும். ஆள் எத்தனை தூரத்தில் இருந்தாலும் கூப்பிடும். “என்ன?” என்று பதில் கொடுத்தவர்கள் எழுந்து பாறைகளை நோக்கி நடந்து போயிருக்கிறார்கள். ஒருவரும் திரும்பியதில்லை.

வசவிலேயே வளர்ந்த அந்த ஜோடிக்கு அங்கே என்ன பயம்?

சுற்றிப் பார்த்தார்கள். மாடு வரைந்திருக்கிற பாறை, அதைத் தாண்டி வளைவு, வளைவுக்குள் நுழைந்தால் சுனை. முழங்கால் அளவு பச்சைத் தண்ணீர். அமஸ்தானுக்குச் சந்தோஷம். ஆனால் வண்டியை விட்டு இறங்கியதிலிருந்து இந்தல்லா வாயே திறக்கவில்லை.

“என்னடா, நாக்கைக் காக்காய் தூக்கிட்டுப் போச்சா?”

இந்தல்லா பாறைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

உச்சிப்பொழுது வந்தது. நிழல் காலுக்கடியில் சுருண்டுகொண்டது. காற்று நின்றது. வெயிலில் பாறை விரிசல் விடும் சத்தம்... டிக்... டிக்... பிறகு அதுவும் நின்றது. எங்கிருந்தோ தண்ணீர் சுமக்கும் ஈரத் தோல்பையின் வாடை. அவர்கள் கொண்டுவந்தது பிளாஸ்டிக் கேன்.

அப்போது கூப்பிட்டது.

“இன்...டாலா...”

பெண் குரல். நாக்குப் புரளாத வெள்ளைக்காரக் குரல். அமஸ்தானுக்குத் தெரிந்துவிட்டது. போன குளிர்காலத்தில் இங்கே வழிதவறிய ஒருத்தி, வழிகாட்டியைத் தேடி இப்படித்தான் கத்தினாளாம். அவள் ஊர் போய்ச் சேர்ந்து மாதக்கணக்காகிறது. அவள் செய்த உச்சரிப்புப் பிழையைக்கூடப் பாறை விடவில்லை.

“பதில் சொல்லாதடா, கழுதை! என்னையே பாரு. வா, வண்டிக்குப் போயிடலாம்.”

இந்தல்லாவின் கையைப் பிடித்து இழுத்தான். அந்த வெயிலில் கை சில்லென்றிருந்தது. இந்தல்லா நகரவில்லை. நம் ஆண்கள் எப்போதும் முகத்தை மூடிக் கட்டியிருக்கும் துணியை மெல்ல மோவாய்க்குக் கீழே இறக்கினான். அவன் வாயை அமஸ்தான் பார்த்தே பல வருடம் ஆகியிருந்தது. பாறைகள் பக்கம் திரும்பினான்.

“மூஸா மகன் அமஸ்தான்!”

தொண்டை கிழியக் கத்தினான்.

எதிரொலி வரவில்லை. ஐந்து பாறைகள் நிற்கிற இடத்தில்... எதிரொலி வரவில்லை. பெண் குரலும் அடங்கிப்போயிற்று.

வாழ்நாளில் முதல் முறையாக மாமன் மகன் வாயிலிருந்து தன் பெயரைக் கேட்ட அமஸ்தான் அப்படியே நின்றான்.

“எட்டு மாசம்டா...” இந்தல்லா மணலில் உட்கார்ந்து அழுதான். “தினம் தினம் கூப்பிடுது. என்னிக்காவது அசந்து பதில் சொல்லிடுவேன். ரத்த சொந்தம் ஒருத்தனை இங்கே கூட்டிட்டு வந்து, அவன் பேரைக் கொடுத்தா என்னை விட்டுடும்னு சொன்னாங்க.”

“அதுக்கு நான்தான் கிடைச்சேனா?”

“நான் கூப்பிட்டா எதுக்குன்னு கேட்காம வர்றவன் நீ ஒருத்தன்தானே...”

திரும்பி வருகிற வழியெல்லாம் ஜீப்பில் ஒரு வசவுகூட இல்லை.

மறுநாள் உச்சிப்பொழுதில் ஆரம்பித்தது. “அமஸ்தான்...” இந்தல்லாவின் குரலேதான். அதற்கடுத்த நாள் குழந்தைக்குத் தாஸின் என்று பெயர் வைத்தார்கள். இந்தல்லாவும் வந்தான். ஆடு கொண்டுவந்தான், நன்றாகச் சாப்பிட்டான். நன்றாகத் தூங்கியெழுந்த முகம். அமஸ்தான் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேறொருத்தன் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்கவும் அவனுக்கு மனம் வரவில்லை.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் பேசாமல் இருப்பது. மனைவி தெக்ஃபா கையைத் தட்டித்தான் அவனைக் கூப்பிடுவாள். சோதனைச் சாவடியில் சிப்பாய் உரிமத்தைப் பார்த்துப் பெயரை வாசித்தால், வெறுமனே தலையாட்டுவான். “செவிடாடா நீ?” என்று எத்தனை முறை திட்டு வாங்கியிருக்கிறான்! வாங்கிக்கொள்வான். ஆறு வருடம். ஒரு தடவைகூட வாய் தவறவில்லை.

போன மாதம் ஒரு நாள். உச்சிப்பொழுது. ஓலைப்பாய் வேய்ந்த தன் வீட்டுக்குள் படுத்தவன் கண்ணயர்ந்துவிட்டான். விழித்தபோது தாஸின் வாசலிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“யார்கிட்டம்மா பேசிட்டிருந்தே?”

“இந்தல்லா மாமாப்பா. மூஸா மகன் அமஸ்தான் இருக்கானான்னு கேட்டாரு. இருக்காரு, உள்ளே தூங்கறாருன்னு சொன்னேன்.”

அமஸ்தான் எழுந்து உட்கார்ந்தான். “மாமா... எங்கே நிக்கறாரு?”

“வாசல்ல யாருமே இல்லப்பா. குரல் மட்டும்தான் வந்துச்சு.” தாஸின் அவன் தோள்மேல் சாய்ந்துகொண்டாள். “‘சரி, நானே உள்ளே வர்றேன்’னு சொல்லிச்சு.”