கண்மணி வீட்டுக் கொலுவில் எடுத்த படம்

"கொலுவுக்கு வந்த இடத்துல அரசியல் வேண்டாம் ஆன்ட்டி, நான் ஏற்கெனவே அந்தம்மாவுக்குத்தான் சப்போர்ட் பண்றதா..."

"அந்தம்மா யாரு, நாம யாரு? நம்ம ஆளு ஒருத்தர் நிக்கறப்போ, ஒரு கறுப்புப் பொம்பளைக்குப் போயி..."

"கறுப்போ வெள்ளையோ, பொம்பளைக்குப் பொம்பளைதான் நிக்கணும். அடிபட்ட பொண்ணுங்களுக்காக அவங்க கோர்ட்டுல..."

"ஏன் அம்மிணி, நாங்கெல்லாம் பொம்பளைங்க இல்லையா?"

நானும் கண்மணியும் இப்படிப் பேசிக்கொண்ட அன்றைக்கு, அவள் வீட்டுச் சுண்டலில் உப்புக் கொஞ்சம் தூக்கல். சொன்னால் கோபித்துக்கொள்வாள் என்று சொல்லவில்லை. இந்தப் போலீஸ் அதிகாரி முதலிலிருந்து கேட்கிறார், அதனால் சொல்கிறேன், வெண்பா. இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல வந்தவள் நீ. ஒன்றும் விட்டுவிடாதே.

கண்மணி முப்பது படம் நடித்துவிட்டு, ஒரு டாக்டரைக் கட்டிக்கொண்டு அமெரிக்காவில் இந்த எடிசன் ஊருக்கு வந்தவள். அவள் கை காட்டினால் தமிழ் வீட்டு ஓட்டெல்லாம் அந்தப் பக்கம் விழும். இந்தத் தொண்ணூற்றேழு நவம்பரில் நகரசபைக்கு நின்றவர் என் மாப்பிள்ளை திருமூர்த்தி. நான் அவர் வீட்டில்தான் இருக்கிறேன். எதிரே நின்றது அந்தக் கறுப்பு வக்கீலம்மா.

கண்மணி கடைசியில் இறங்கி வந்தாள். "சண்முகப்ரியாவை ரெண்டு மாசமாக் காணோமே ஆன்ட்டி? உங்க பொண்ணு என் முன்னால வந்து, புருஷன் நல்லா வச்சிருக்கார்னு சொல்லட்டும். அவருக்காக நானே மைக் பிடிக்கிறேன்."

நியாயமான பேச்சு.

என் மகள் அப்போது, அடிபட்ட பெண்களை வைத்துக் காப்பாற்றும் ஒரு வீட்டில் இருந்தாள். விலாசத்தை எனக்கும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை, மாப்பிள்ளை ஆபீஸ் போனபிறகு போன் பண்ணுவாள். இடது கை எலும்பு கூடிவிட்டது என்றாள். கை ஓங்குகிற ஆண்பிள்ளையை நான் பார்க்காதவளா? பதவி வந்தால் பொறுப்பு வரும். பொறுப்பு வந்தால் ஓங்கின கை தானாக இறங்கும் என்று நினைத்தேன்.

அடுத்த செவ்வாய் அவளிடம் சொன்னேன்.

"கண்மணி வீட்டுக் கொலுவுக்கு வந்துட்டுப் போ கண்ணு. அவ பொம்பளைங்க பக்கம். மாப்பிள்ளை அங்கே வரமாட்டார்."

"சத்தியமாம்மா?"

"உன் தலை மேல சத்தியம்."

வந்தாள். அரக்குப் பட்டும் முழுக்கை ரவிக்கையும் நான் கொண்டுபோயிருந்தேன். உடுத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தால், கொலுப்படி பக்கத்தில் மாப்பிள்ளை. வரச் சொன்னது நான்தான். சுற்றிலும் முப்பது பெண்கள். கண்மணி குங்குமச் சிமிழை நீட்டிக்கொண்டு வருகிறாள். நீட்டிய குங்குமத்தை வாங்காமல் சுமங்கலி வெளியே போகமாட்டாள். என் மகளை நான் அப்படித்தான் வளர்த்திருக்கிறேன்.

"நல்லா வச்சிருக்காரா ப்ரியா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"நல்லா வச்சிருக்காருக்கா."

போட்டோ எடுத்தார்கள். எங்களோடு காரில் வீட்டுக்கு வந்தாள். நோட்டீசில் அந்தப் படத்துக்குக் கீழே, "ஒரு பெண்ணாகச் சொல்கிறேன், நம்மவரை நம்புங்கள்" என்று கண்மணி கையெழுத்துப் போட்டிருந்தாள். நூற்றுப் பத்து ஓட்டில் மாப்பிள்ளை ஜெயித்தார்.

தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த ஞாயிறு காலை சண்முகப்ரியா பெட்டியில் துணி அடுக்கினாள்.

"அவர் வாக்கிங் முடிச்சு வர்றதுக்குள்ள டாக்சி வந்துடும்மா. எதையும் சொல்லிடாதே."

கவுன்சிலர் பெண்டாட்டி ஓடிப்போய்விட்டாள் என்று அந்த வக்கீலம்மா ஆட்கள் சிரிக்கமாட்டார்களா? கண்மணி முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? மாப்பிள்ளை செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். அவர் மாடிக்குப் போனார். வாசலில் டாக்சி ஹார்ன் அடித்தது. வேண்டாம் என்று கையசைத்துத் திருப்பி அனுப்பினேன். அப்புறம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரசத்துக்குப் புளி கரைத்தேன்.

மேலே அவள் என்னைத்தான் கூப்பிட்டாள், மூன்று தரம். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. ரசம் நுரை கட்டுகிறவரை நான் அடுப்பை விட்டு நகரவில்லை. படியில் வழுக்கி விழுந்தாள் என்று போலீசிடம் சொன்னதும் நான்தான். அது பொய்.

அதிகாரி பேனாவை மூடிவிட்டார். நீ ஏனம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாய்?

"இத பாரு கண்ணு, நீயும் நம்ம பொண்ணு. ஜனவரி ஒண்ணாந்தேதி மாப்பிள்ளைக்குப் பதவியேற்பு, அதுக்குள்ள அவரை வெளியே விட்டுடுவாங்களான்னு இவரைக் கேளு."