உடைந்த ஊசியின் இரண்டு துண்டுகள்

ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருகாலத்தில் ஒரே ஷூ கம்பெனியில், செருப்புக்கு மணி கோக்கும் பிரிவில் இருந்தவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"உடைஞ்ச ஊசிய பர்ஸ்லயே வெச்சினு சுத்துறேன்க்கா," என்றாள் இளையவள்.

"இன்னாத்துக்கு?"

"கம்பெனி பழக்கம். ரெண்டு துண்டும் காட்டினாத்தான நீங்க புது ஊசி குடுப்பீங்க. ஒருவாட்டி முனை காணோம்னு, செருப்புல இருந்தா யார் காலையாவது குத்திடும்னு, லைன் மொத்தமும் தரையில தேடுனோமே."

"கடைசியில உன் கொண்டையில இருந்துச்சு." பெரியவள் சிரித்தாள்.

"இப்ப வீட்லயே மணி கோத்து வளையல், கம்மல் பண்றேன். நூலு, மெழுகு, கட்டர் எல்லாம் வாங்கிட்டேன். ஊசி உடைஞ்சா மட்டும் இன்னும் கட்டிலுக்கு அடியில பூந்து துண்டு தேடுறேன். கேக்கத்தான் ஆள் இல்ல."

பெரியவள் கையை நீட்டினாள். "குடு."

இளையவள் பர்ஸிலிருந்து, ஊசியின் இரண்டு துண்டுகளையும் டேப் போட்டு ஒட்டிய காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். பெரியவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தாள்.

"முழுசா இருக்கு," என்றாள். "போ, போய் வேலையப் பாரு."