நாத்தனாரைப் பற்றி இரண்டு நிமிடம்

— நாப்பது செகண்டா?

— நாப்பத்திரெண்டுக்கா.

— என்னைப் பத்தி நல்லதா சொல்ல இந்த உலகத்துல மொத்தமே நாப்பத்திரெண்டு செகண்டுக்குத்தான் விஷயம் இருக்கா?

— அதில்லக்கா. இங்கிலீஷ்ல வரல.

— தமிழ்ல சொல்லு, பார்ப்போம்.

— வந்து... நல்லா சமைப்பீங்க.

— அப்புறம்?

— சுத்தமா இருப்பீங்க.

— அப்புறம்?

— யோசிக்கிறேன்க்கா.

— யோசி தாயே, யோசி. அஞ்சு வருஷமா ஒரே அடுப்புச் சோறு. பரீட்சையில கொடுத்த அந்த அட்டையில சரியா என்னதான் கேட்டிருந்தாங்க?

— ‘உங்கள் வீட்டில் சமைக்கும் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள்.’ யோசிக்க ஒரு நிமிஷம், பேச ரெண்டு நிமிஷம். எதிர்ல ஒரு அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்காங்க. நான் நாப்பத்திரெண்டுல முடிச்சுட்டு சிரிச்சேன். அவங்களும் சிரிச்சாங்க. மீதி நேரம் பூரா ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே இருந்தோம்.

— சிரிப்புக்கு மார்க் உண்டா?

— இல்லக்கா.

— முதல் தடவை என்ன ஆச்சு?

— அப்போ வீட்டைப் பத்திக் கேட்டாங்க. கோச்சிங்ல மனப்பாடம் பண்ண வெச்சதை அப்படியே சொன்னேன். பெரிய தோட்டம், வெள்ளை நாய், மாடியில என் அறை. பரீட்சை எடுத்தவர் பேனாவைக் கீழ வெச்சுட்டார். ‘இன்னைக்கு இந்த நாயைப் பத்திச் சொல்ற ஆறாவது ஆள் நீங்க’ன்னார்.

— நாம இருக்கிறது மூணாவது மாடியில ரெண்டு ரூம். வெள்ளை நாய் படியேறி வந்தா கறுப்பாயிடும்.

— அதனாலதான் ரெண்டாவது தடவை நிஜத்தைச் சொல்லலாம்னு போனேன்.

— நிஜம் நாப்பத்திரெண்டு செகண்ட்.

— அக்கா, விடுங்களேன்.

— எப்படி விடறது? முப்பது வருஷமா நான் இங்கிலீஷ் டீச்சர். என் வீட்டுப் பொண்ணு பேச்சுப் பரீட்சையில ரெண்டு தடவை ஃபெயில். ஸ்டாஃப் ரூம்ல தலை காட்ட முடியல. நாளைக்கு எத்தனை மணிக்கு?

— பத்தரைக்கு. இதான் கடைசிக்கா. இந்த மாசத்துக்குள்ள சர்டிபிகேட் அனுப்பலைன்னா வெளிநாட்டுல அந்த ஆஸ்பத்திரி வேற நர்ஸைப் பார்த்துக்கும். இந்தத் தடவை கண்டிப்பா வந்துடுவேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். மூணு வருஷமா அங்க தனியா ரொட்டியும் முட்டையுமா...

— என் தம்பி என்ன தின்றான்னு எனக்கும் தெரியும். தினமும் போன்ல ஒப்பிக்கிறான். அட்டையை எடு. அதே கேள்விதான். இந்தத் தடவை கெட்டதைச் சொல்லு.

— யாரைப் பத்தி?

— என்னைப் பத்தித்தான். நல்லதுக்குத்தான் உன்கிட்ட சரக்கு இல்லையே.

— ஐயோ, வேண்டாம்க்கா. வீட்டு விஷயத்தைப் போய் வெளியில...

— வெளியில யாரு? அங்க உக்காந்திருக்கிறது உன் மாமியாரா? அவங்களுக்கு நீ யாரு, நான் யாரு? அவங்களுக்கு வேண்டியது இங்கிலீஷ். நானும் இப்போ நாத்தனார் இல்ல, பரீட்சை எடுக்கிறவ. கண்ணாடி போட்டுட்டேன் பாரு. கடிகாரம் வெச்சாச்சு. தமிழ்ல ஒரு வார்த்தை வரக் கூடாது. ஆரம்பி.

— “என் வீட்டில் என் நாத்தனார் சமைக்கிறார். அவர்... அவர் நன்றாகச் சமைக்கிறார்.”

— கெட்டது.

— “அவர் நன்றாகச் சமைக்கிறார். ஆனால் பால் பாட்டிலில் பேனாவால் கோடு போடுகிறார்.”

— ம். காரணம்?

— “நான் எவ்வளவு குடிக்கிறேன் என்று பார்ப்பதற்காக.”

— உதாரணம்?

— “சென்ற செவ்வாய்க்கிழமை பால், கோட்டுக்குக் கீழே ஒரு விரல் இறங்கியிருந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. பாட்டிலை மேசை நடுவில் வைத்துவிட்டுச் செய்தித்தாள் படித்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பாட்டில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.”

— அட. நிறுத்தாதே.

— “நான் கழுவிய பாத்திரங்களை அவர் மறுபடியும் கழுவுகிறார். நான் ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்கிறேன். நான் எடுத்துக் கொடுக்கும் கத்தியை டாக்டர் நம்புகிறார். மயக்கத்தில் படுத்திருக்கும் நோயாளி நம்புகிறார். என் நாத்தனார் என் கரண்டியை நம்பவில்லை. சனிக்கிழமைகளில் அவர் சூப் வைப்பார். அந்த வாரம் மிஞ்சியதெல்லாம் அதில் இருக்கும். எந்த வாய் திங்கட்கிழமை, எந்த வாய் வியாழக்கிழமை என்று என்னால் சொல்ல முடியும். நான் ஒருநாள் உருளைக்கிழங்கு வறுத்தேன். அவர் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எக்ஸ்ரே பார்ப்பதுபோல. பிறகு அதைத் தட்டிலேயே வைத்துவிட்டார். ஐந்து வருடத்தில் உப்பு சரியாக இருக்கிறதா என்று அவர் என்னிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எனக்கும் நாக்கு இருக்கிறது. அதை அவர் மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.”

— நேரம்! ரெண்டு நிமிஷம் பதினேழு செகண்ட்.

— ஐயோ. அக்கா, மன்னிச்சிடுங்க. எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல.

— எங்கயும் நிக்கல. ஒரு ‘வந்து’ இல்ல, ஒரு ‘அதில்ல’ இல்ல. அஞ்சு வருஷத்துல நீ என் முன்னாடி இவ்வளவு நேரம் பேசினதே இல்ல.

— கோபமாக்கா?

— கோபத்தை அப்புறம் பட்டுக்கிறேன். முதல்ல திருத்தம். ‘கோடு போடுகிறார்’ வலுவா இல்ல. ‘ஒரு நாள்கூடத் தவறாமல் கோடு போடுகிறார்’னு சொல்லு.

— அது கொஞ்சம் ஜாஸ்தி இல்லையாக்கா? ஞாயித்துக்கிழமை போட மாட்டீங்களே.

— போடுவேன். நீ தூங்கிட்டிருப்ப. சேர்த்துக்கோ. கரண்டி நல்லா இருக்கு, அதுல கை வைக்காதே. எக்ஸ்ரேவும் இருக்கட்டும். சூப்தான் சப்புன்னு இருக்கு.

— அதைத்தான்க்கா நானும் சொன்னேன்.

— நீ சொன்ன விதம் சப்புன்னு இருக்கு. ஒரு உவமை போடு.

— பேண்டேஜ் ஊற வெச்ச தண்ணி மாதிரி?

— ...முழு வாக்கியம்.

— “அந்த சூப் கட்டுத்துணி ஊறிய வெந்நீர் போல இருக்கும்.”

— உவமைக்கு அரை மார்க் கூட. இனிமே சனிக்கிழமை உனக்கு சூப் கிடையாது.

— நிஜமாவா?

— சந்தோஷப்படாதே. அடுத்தது கருத்துக் கேள்வி. ‘ஒரே சமையலறையில் இரண்டு பேர் சமைக்கலாமா?’

— “சமைக்கலாம். ஒருவர் சமைப்பார். மற்றவர் கரண்டியை எங்கே மாற்றி வைத்தார்கள் என்று தேடுவார்.”

— ரெண்டு பக்கமும் சொல்லணும். நல்லது ஒண்ணு, கெட்டது ஒண்ணு.

— “நல்லது... காய் நறுக்கும்போது பேச்சுத்துணை இருக்கும்.”

— நமக்கா? இந்த வீட்ல குக்கர்தான் பேசும்.

— “பேச்சுத்துணை இருக்கலாம்.”

— ம். அது சரி. இப்போ அட்டையை முதல்லேருந்து இன்னொரு தடவை. நான் சொன்ன திருத்தத்தோட.

— “என் வீட்டில் என் நாத்தனார் சமைக்கிறார். அவர் ஒரு நாள்கூட... பால்... கோடு...” வரலக்கா.

— இப்போதானே வந்துச்சு?

— சொல்லி முடிச்சதும் மனசு காலியாயிடுச்சு. இப்போ உங்களைப் பார்த்தா பாவமா இருக்கு.

— பாவமா? பாவம் இருபது செகண்ட் கூடத் தாங்காது.

— நான் என்னக்கா பண்றது? நாளைக்குப் பத்தரை வரைக்கும் கோபத்தைக் கெடாம எங்க வைக்கிறது, ஃப்ரிட்ஜ்லயா?

— அப்போ புதுசா வேணும். இரு. உங்க அம்மா கொடுத்த கண்ணாடிக் கிண்ணம். பூனை தள்ளி விட்டுடுச்சுன்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா?

— ஆமா.

— பூனை இல்ல.

— அக்கா!

— இங்கிலீஷ்ல.

— “என் கிண்ணத்தை அவர் உடைத்தார். பழியைப் பூனைமேல் போட்டார். அந்தப் பூனைக்குப் பயந்து நான் கோடைக்காலம் முழுவதும் ஜன்னலைச் சாத்தி வைத்தேன். வெந்து செத்தேன். கீழ்வீட்டுப் பூனையைப் பார்த்தபோதெல்லாம் முறைத்தேன். அது ஒரு நாள் என் காலில் வந்து உரசியது. நான் உதறிவிட்டுப் போனேன். ஒரு நிரபராதியை!”

— அருமை. அம்பது செகண்ட். அடுத்தது. உன் சிநேகிதிங்க வந்தப்போ நீ ஒரு கேக் பண்ணினியே.

— நடுவில அமுங்கிப் போச்சே, அதுவா? ஓவன் சரியில்லன்னு சொன்னீங்க.

— ஓவன் நல்லாத்தான் இருக்கு. நீ குளிக்கப் போனப்போ ரெண்டு தடவை கதவைத் திறந்தேன்.

— ஏன்க்கா?

— அழகா உப்பிக்கிட்டு வந்துச்சு. பொறுக்கல.

— “அவர் என் கேக்கைக் கொலை செய்தார்! அது பள்ளமாக வெளியே வந்தது. எட்டு நர்சுகள் அதைச் சுற்றி நின்றார்கள். வார்டில் ஒருவர் போய்விட்டால் எப்படி நிற்போமோ அப்படி நின்றார்கள். அதில் ஒருத்தி என் தோளைத் தட்டினாள். பரவாயில்லை, எல்லாருக்கும் முதல் தடவை இப்படித்தான் என்றாள். எனக்கு அது பன்னிரண்டாவது தடவை! அன்றிலிருந்து நான் கேக் செய்யவில்லை. என் கை ராசியில்லாத கை என்று நம்பினேன். என் கையையே நான் சந்தேகப்பட்டேன்.”

— ஒரு நிமிஷம் அஞ்சு செகண்ட்.

— இன்னும் இருக்காக்கா?

— சின்னது எல்லாம் தீர்ந்துடுச்சு. ஒண்ணே ஒண்ணு இருக்கு. பெருசு. ரெண்டு நிமிஷம் தாராளமாத் தாங்கும்.

— சொல்லுங்க. இப்போ நல்ல சூட்டுல இருக்கேன்.

— இரு. கண்ணாடியைத் தொடச்சுக்கிறேன்.

— எவ்வளவு நேரம்க்கா தொடப்பீங்க?

— ரெண்டு வருஷம் முன்னாடி எனக்குக் கால் ஒடிஞ்சு கட்டுப் போட்டிருந்த சமயம். தம்பியோட கம்பெனியில, பொண்டாட்டியைக் கூட்டிட்டு வரலாம்னு அந்த வருஷம் மட்டும் ஒரு பேப்பர் கொடுத்தாங்க. பரீட்சை கிரீட்சை ஒண்ணும் கிடையாது. பெட்டியைக் கட்டினா போதும். அவன் இங்க போன் பண்ணினான். நீ டியூட்டியில இருந்த. ‘அவகிட்ட சொல்லிக் கிளம்பச் சொல்லுக்கா’ன்னான். அவ வர மாட்டாளாம்டா, வேலையை விட இஷ்டம் இல்லையாம்னு சொல்லிட்டேன். கேட்டா சங்கடப்படுவா, நீ ஒண்ணும் கேக்காதேன்னும் சொன்னேன். அவன் பேப்பரைத் திருப்பிக் கொடுத்துட்டான். சொல்லிட்டேன். பேசு. கடிகாரம் ஓடுது.

— ...

— இருபது செகண்ட் போச்சு. திட்டு. என்ன வேணா சொல்லு, திருத்த மாட்டேன். பாத்ரூமுக்குக் கூட நீதான் இடுப்பைத் தாங்கிக் கூட்டிட்டுப் போன. நீயும் போயிட்டா யாருன்னு பயந்துட்டேன். இருன்னு கேக்க வாய் வரல. ஊருக்கெல்லாம் வாக்கியம் சொல்லித் தர்ற வாய், அதுக்கு மட்டும் வரல. நீ இந்தப் பரீட்சைக்கு அலையறதே என்னாலதான். ஏதாவது சொல்லேன்.

— வரலக்கா.

— இங்கிலீஷா?

— கோபம்.

— இதுக்கே வரலைன்னா நாளைக்கு என்ன பண்ணுவ? கிண்ணத்துக்கு வந்துச்சு, கேக்குக்கு வந்துச்சு!

— அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா.

— இது மட்டும் தெரியுமா?

— நீங்க கேக்காதேன்னு சொன்னா அவர் கேக்காம இருப்பாரா? அன்னைக்குச் சாயந்திரமே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டார். ‘அக்கா இப்படிச் சொல்றாளே, நிஜமா?’ன்னு கேட்டார்.

— நீ என்ன சொன்ன?

— அக்கா சொன்னது நிஜந்தான்னு சொன்னேன்.